நிலத்துக் கருவியும் வானத்துக் கருவியும்: அந்தாட்டிக்கா ஓசோன் வரலாறு உணர்த்துவது

சூழலின் மாற்றங்களை அளந்தறிய முற்படுவோர் நிலத்தில் நிறுவிய கருவிகளை நாடுவதா, வானிலிருந்து நோக்கும் கருவிகளை நாடுவதா என்னும் வினா நெடுநாளையது. நிலத்துக் கருவி தான் நிற்கும் இடத்தையே அளக்கும். வானத்துக் கருவியோ பரந்த பரப்பை ஒருசேரக் காட்டும். இதனைக் கொண்டு பின்னதே மேலானது என முடிவுசெய்தல் எளிது. அம்முடிவு எத்துணை அவசரமானது என்பதை அந்தாட்டிக்காவில் ஓசோன் இழப்புக் கண்டறியப்பட்ட வரலாறு தெளிவுறுத்துகின்றது.

சூரியனின் ஊதாக்கடந்த கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காப்பது படைமண்டலத்திலுள்ள ஓசோன் வாயு. அதன் அளவை நிலத்திலிருந்தே அறியும் கருவியைப் பிரித்தானிய விஞ்ஞானி கோர்டன் டொப்சன் 1920களில் அமைத்தார். ஓசோன் மிகுதியாக உறிஞ்சும் அலைநீளத்தையும் குறைவாக உறிஞ்சும் அலைநீளத்தையும் ஒப்பிடுவதே அதன் தத்துவம். 1957–58 சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டையொட்டி, அந்தாட்டிக்காவின் ஹாலி விரிகுடாவில் பிரித்தானியர் அமைத்த நிலையத்தில் இக்கருவி இயங்கத் தொடங்கியது. ஆண்டுதோறும் ஒரே இடத்தில் ஒரே முறையில் அளத்தல் புகழ் தரும் பணியன்று. ஆயினும் அது கைவிடப்படவில்லை.

1978 இல் ஐக்கிய அமெரிக்கா ஏவிய நிம்பஸ் 7 செய்மதி, சூரிய ஒளி படும் பகுதிகள் அனைத்தின் ஓசோனையும் நாள்தோறும் அளந்தது. எனினும் வீழ்ச்சியை முதலில் உலகறியச் செய்தது ஹாலி நிலையமே. 1970களின் தொடக்கத்தில் 300 டொப்சன் அலகை ஒட்டியிருந்த ஒக்டோபர் மாதச் சராசரி, 1984 அளவில் 200 அலகை ஒட்டி வீழ்ந்தது. 1982 இல் மாற்றிப் பொருத்தப்பட்ட கருவியும் அவ்வீழ்ச்சியையே காட்டியமையால், கருவிப் பழுது என்னும் ஐயம் நீங்கிற்று. பாமன், கார்டினர், ஷாங்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதத்தில் 'நேச்சர்' சஞ்சிகையில் இதனை வெளியிட்டனர்.

செய்மதித் தரவுகளில் மிகக் குறைந்தவற்றைக் கணனி வீசியெறிந்துவிட்டது என்னும் கதை பரவலாக வழங்குகின்றது. உண்மை வேறு. 180 அலகிற்குக் குறைந்தவை ஐயத்திற்குரியவை எனக் குறியிடப்பட்டனவேயன்றி அழிக்கப்படவில்லை. அவற்றைச் சரிபார்க்க முனைந்தோர் தென்துருவ நிலையத்தின் அளவீடுகளை நோக்கினர். அவை 300 அலகளவில் இருந்தன. பிழை தென்துருவ அளவீடுகளிலேயே இருந்தமை பின்னரே தெரியவந்தது. எனவே, நிலத்தில் எடுக்கப்பட்டது என்பதனால் மட்டும் ஓர் அளவீடு நம்பத்தக்கதாகிவிடாது. ஹாலிப் பதிவேட்டிற்கு வலுவளித்தவை தொடர்ச்சியும் தளராத பராமரிப்புமே.

அப்பதிவேட்டிற்கும் எல்லையுண்டு. இழப்பு கண்டமளாவியது என்பதை 1986 இல் வெளியான செய்மதி ஆய்வே நிலைநாட்டிற்று. காரணத்தை அறிய அவ்விரண்டும் போதவில்லை. 1987 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் சிலியின் புன்டா அரீனஸிலிருந்து புறப்பட்ட ஈ.ஆர். 2 விமானம், ஏறத்தாழ 18 கிலோமீற்றர் உயரத்திற் பறந்து, குளோரீன் ஓரொட்சைட்டு மிகுந்த இடத்தில் ஓசோன் அருகியிருத்தலை நேரில் அளந்தது. குளிர்சாதனப் பெட்டிகளிற் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்களே காரணம் என்னும் கருத்து இதனால் உறுதிபெற்றது. 1987 செப்டெம்பர் 16 இல் கைச்சாத்தான மொன்றியல் உடன்படிக்கை 1990 இல் இலண்டனில் மேலும் இறுக்கமாக்கப்படுதற்கு இச்சான்று துணைநின்றது.

ஆகவே, எக்கருவி சிறந்தது என வினவுதலினும் எதனை அறிய வேண்டும் என வினவுதலே பொருத்தமுடையது. நிலம் காலத்தின் நீட்சியையும், செய்மதி இடத்தின் பரப்பையும், விமானம் காரணத்தையும் காட்டின. நிம்பஸ் 7 இன் ஓசோன் கருவி 1993 இல் ஓய்ந்தது. அது இயங்கிய காலத்தில் ஏற்பட்ட தேய்வைத் திருத்தவும் நிலத்து அளவீடுகளே உதவின. ஓய்ந்த செய்மதிக்கு ஈடாகப் பிறிதொன்றை ஏவலாம். அளக்கப்படாது கழிந்த ஆண்டுகளை எந்நிதியாலும் மீட்டல் இயலாது. செலவைக் கருதிப் பழைய நிலையங்களை மூட எண்ணுவோர் மனங்கொள்ள வேண்டியது இதுவேயாகும்.