ஷுகர் ஹில்: ராப்பை இசைத்தட்டில் ஏற்றிய நிறுவனமும் பெயருக்காகப் போராடிய கலைஞர்களும்

1979 செப்டெம்பரில், அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலுள்ள எங்கிள்வூட் என்ற சிறிய நகரிலிருந்து ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பாடலின் பெயர் 'ராப்பர்ஸ் டிலைட்'. நீளம் 14 நிமிடங்களுக்கும் அதிகம். மூன்று இளைஞர்கள் தாளத்துக்கு ஏற்ப மாறிமாறிப் பேசிக்கொண்டே போகிறார்கள். வானொலிகள் மூன்று நிமிடப் பாடல்களுக்குப் பழகியிருந்த அந்தக் காலத்தில், இது அமெரிக்கத் தரவரிசையில் 36ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் 3ஆம் இடத்தையும் பிடித்தது.

அதற்குச் சில மாதங்கள் முன்பே ஃபட்பாக் என்ற இசைக்குழு ராப் கலந்த பாடல் ஒன்றை வெளியிட்டிருந்தது. ஆனாலும் ராப்பை ஒரு வியாபாரமாக்கியது 'ராப்பர்ஸ் டிலைட்'டும் அதை வெளியிட்ட ஷுகர் ஹில் ரெக்கோர்ட்ஸும்தான்.

நொடித்துப்போன இடத்திலிருந்து

நிறுவனத்தை நடத்தியவர்கள் சில்வியா ரொபின்சனும் அவரது கணவர் ஜோ ரொபின்சனும். சில்வியா தொழிலுக்குப் புதியவர் அல்லர். 1950களிலேயே 'மிக்கி அன்ட் சில்வியா' என்ற இணையாகப் புகழ் பெற்றவர். 1973இல் 'பில்லோ டோக்' என்ற பாடலால் மீண்டும் வெற்றி கண்டவர். தம்பதியர் முன்னர் நடத்திய ஒல் பிளட்டினம் நிறுவனம் 1970களின் இறுதியில் கடனில் மூழ்கியது.

அந்த நெருக்கடியில்தான் ஹார்லெம் பகுதியிலுள்ள இரவு விடுதியொன்றில், இசைத்தட்டைச் சுழலவிட்டு அதன் மேல் பேசிக் கூட்டத்தை ஆட்டுவித்த டீஜே ஒருவரை சில்வியா கண்டார். ராப் ஏற்கெனவே பிரொங்ஸ் பகுதியின் தெரு விருந்துகளில் சில ஆண்டுகளாக வளர்ந்து வந்த கலை. அதை ஒலிப்பதிவு செய்து விற்கலாம் என்பது அங்கிருந்த பலருக்குத் தோன்றவில்லை. சில்வியாவுக்குத் தோன்றியது.

பாடுவதற்கு ஆட்களை அவர் எங்கிள்வூட்டிலேயே தேடினார். பீட்ஸா கடையில் வேலை செய்த ஹென்றி ஜாக்சன் கடை வாசலில் நின்ற காருக்குள் ராப் செய்து காட்டினார். மேலும் இருவர் சேர்ந்தனர். பிக் பாங்க் ஹாங்க், வொண்டர் மைக், மாஸ்டர் ஜீ ஆகிய மூவரும் 'ஷுகர்ஹில் கேங்' ஆனார்கள்.

யாருடைய வரிகள், யாருடைய தாளம்?

பாடலின் அடித்தளம் ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாடலிலிருந்து வந்தது. கலையகத்து இசைக்கலைஞர்கள் அதை அப்படியே மீள வாசித்தார்கள். ஷீக்கின் நைல் ரொட்ஜர்ஸும் பேர்னார்ட் எட்வேர்ட்ஸும் சட்ட நடவடிக்கை எடுக்கப்போவதாக எச்சரித்ததன் பின்னர், பாடலாசிரியர்களாக அவர்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டன.

ஹாங்க் பாடிய வரிகளின் கதை வேறு. அவை பிரொங்ஸின் ராப் கலைஞர் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதியவை. காஸின் மேடைப் பெயரைக்கூட மாற்றாமல் ஹாங்க் பாடியிருந்தார். அதற்குரிய பணமோ பெயரோ தனக்குக் கிடைக்கவில்லை என்று காஸ் பல தடவை கூறியிருக்கிறார். வழக்கறிஞரை அமர்த்தக்கூடியவருக்கு உரிமை கிடைத்தது. தெருவில் எழுதியவருக்குக் கிடைக்கவில்லை.

'த மெசேஜ்'

அடுத்த சில ஆண்டுகளில் த சீக்குவன்ஸ், ஃபங்கி ஃபோர் பிளஸ் வன், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அன்ட் த பியூரியஸ் ஃபைவ் எனப் பல குழுக்கள் இந்நிறுவனத்தின் கீழ் வந்தன. த சீக்குவன்ஸ், தென் கரோலினாவைச் சேர்ந்த மூன்று பெண்களின் குழு.

1982இல் வெளியான 'த மெசேஜ்' ராப்பின் திசையை மாற்றியது. கொண்டாட்டத்தை விட்டு, சேரியின் வறுமையையும் வெறுப்பையும் அது பேசியது. பெரும்பகுதியை எழுதியவர் கலையக இசைக்கலைஞரான டியூக் பூட்டி. இப்படியொரு பாடலை யார் கேட்பார்கள் என்று ஃபிளாஷ் குழுவினர் தயங்கினர். மெலி மெல் மட்டுமே டியூக் பூட்டியுடன் சேர்ந்து ராப் செய்தார். இருந்தும் தட்டின் மேல் முதன்மையாக அச்சான பெயர் ஃபிளாஷினுடையது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஹிப்ஹொப் பாடல் இதுவே.

1983இல் ராயல்டி தொடர்பாக ஃபிளாஷ் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து விலகினார். அதே ஆண்டில் வெளியான 'வைட் லைன்ஸ்' இசைத்தட்டில் 'கிராண்ட்மாஸ்டர் அன்ட் மெலி மெல்' என்று அச்சிடப்பட்டிருந்தது. ஃபிளாஷ் அதில் இல்லை. வாங்குபவர்கள் அவர் இருப்பதாக நினைக்க அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

வீழ்ச்சி

இதற்கிடையில் காலமும் மாறியது. ரன் டிஎம்சி குழுவும் 1984இல் தொடங்கிய டெஃப் ஜாம் நிறுவனமும் தாள இயந்திரத்தின் வறண்ட, கடினமான ஒலியைக் கொண்டுவந்தன. இசைக்குழு வாசிக்கும் ஷுகர் ஹில் பாணி பழசாகியது. வழக்குகளும் கடனும் சேர, 1980களின் நடுப்பகுதியில் நிறுவனம் மூடப்பட்டது. பாடல்களின் உரிமையை 1995இல் ரைனோ நிறுவனம் வாங்கியது. எங்கிள்வூட் கலையகம் 2002இல் தீக்கிரையானது.

சில்வியா 2011இல் காலமானார். 2022இல் ரொக் அன்ட் ரோல் புகழ் மண்டபம் அவரைக் கௌரவித்தது. அந்தக் கௌரவம் நியாயமானது. பெரிய நிறுவனங்கள் திரும்பிப் பார்க்காத ஒரு கலையை முதலில் நம்பிய முதலாளிகளில் அவர் முக்கியமானவர். ஆனால் அவர் இறந்த அதே ஆண்டில் வெளியான ஆவணப்படம் ஒன்று, தங்கள் மேடைப் பெயர்களையே பயன்படுத்த முடியாமல் போராடிய வொண்டர் மைக்கினதும் மாஸ்டர் ஜீயினதும் கதையைச் சொன்னது. அதன் தலைப்பின் பொருள்: 'எனது பெயர் எனக்குத் திரும்ப வேண்டும்'.