விஞ்ச் – சிதம்பரம் பிள்ளை பாடல்கள்

1908ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சியை ஒட்டிச் சி. சுப்பிரமணிய பாரதி இயற்றிய இணைப்பாடல்கள் இவை. முதற்பாடலில் மாவட்டக் கலெக்டர் விஞ்ச், சுதேசிக் கப்பல் ஓட்டிய விடுதலைப் போராட்டத் தலைவர் வ. உ. சிதம்பரம் பிள்ளையை அதட்டுகிறார். இரண்டாவதில் பிள்ளை மறுமொழி கூறுகிறார்.

தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற பிள்ளையும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் அவ்வாண்டு மார்ச் 12 அன்று கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட, மாணவரும் பொதுமக்களும் தெருவில் திரண்டனர். நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் ஆகியன தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். பின்னர்த் தண்டக் காவல்படை, அதாவது ஊராரை அடக்க ஊரார் செலவிலேயே நிறுத்தப்படும் படை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய ஊர்களின் மீது சுமத்தப்பட்டது.

திருநெல்வேலியின் இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்ற பாரதி, உணர்ச்சியையும் தனிமனித விடுதலையையும் முதன்மையாகக் கொண்ட ஆங்கிலப் புனைவியல் கவிஞருள் ஷெல்லியிடம் ஈடுபட்டு, 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரையும் ஏற்றவர். 1819இல் மான்செஸ்டர் நகரில் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்ததைக் கேட்டு ஷெல்லி இத்தாலியிலிருந்து எழுதிய எதிர்ப்புப் பாடலில் கொலையும் வஞ்சகமும் அமைச்சர்களின் முகமூடி அணிந்து ஊர்வலம் வருகின்றன. அது 1832இல்தான், அவர் இறந்து பத்தாண்டு கழித்து, அச்சேறியது. பாரதியோ உருவகத்தை விலக்கி, பதவியிலிருந்த அதிகாரியையே பெயர் சொல்லிப் பேசவைக்கிறார்.

பாடல்களின் வன்மை இங்கேதான் இருக்கிறது. கப்பல் ஓட்டியது, அஞ்சியிருந்தோரிடம் உண்மை பேசியது, அடிமைகளை மனிதராக்கியது என விஞ்ச் அடுக்கும் குற்றச்சாட்டுகள் ஒவ்வொன்றும், கேட்போர் செவியில் பிள்ளைக்குச் சூட்டப்படும் புகழ்மாலையாக மாறிவிடுகின்றன. அடக்குவோனின் வாயாலேயே அடக்கப்பட்டோனின் பெருமையைச் சொல்லவைக்கும் இவ்வுத்தி, நேரடி வசையைவிடக் கூர்மையானது. அடியிறுதியில் ஒத்த ஓசை வரும் இயைபுத் தொடை, குறுகிய வினைமுற்றுகளில் சம்மட்டி அடிபோல் விழுகிறது. கலெக்டரின் மிரட்டல், தன்மை ஒருமையில் '-ஏன்' என முடிய, பிள்ளையின் உறுதிமொழி '-ஓம்' என்னும் பன்மையில் எழுகிறது. இந்த இலக்கண மாற்றத்தில்தான், சிறையிலிருக்கும் ஒருவர் பின்னால் ஒரு நாடே வந்து நிற்கிறது. மறுமொழி பெரும்பாலும் வினாக்களால் அமைவதும் கருதத்தக்கது. ஆட்சியாளன் விடை சொல்ல இயலாத வினாக்கள் அவை.

லண்டனைப் பாடிய ஆங்கிலக் கவிஞர் பிளேக், தேம்ஸ் ஆற்றையும் தெருக்களையும் காட்டினார். பாரதியின் இப்பாடல்களில் திருநெல்வேலியின் தாமிரபரணி ஆறும் இல்லை, ரதவீதியும் இல்லை. இரு குரல்களின் மோதலே நகரமாகிறது. ஆதலால் மறுமொழியை மட்டும் பிரித்துப் படிப்பது பாடலைப் பாதியாக்குவதாகும்.

விஞ்ச் வாயில் வைக்கப்பட்ட சிறை மிரட்டல் வெறும் கற்பனையாக நிற்கவில்லை. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார்.