தியரா: பறவையிலிருந்து பிறந்த சொல்



துர்ச்சகுனம் பார்ப்பதை அரபு மொழியில் ‘தியரா’ என்பர். ‘ததய்யுர்’ என்றும் கூறுவர். இரண்டுக்கும் வேர் ‘தைர்’, அதாவது பறவை. நாம் வழங்கும் ‘சகுனம்’ என்னும் வடசொல்லும் முதலில் பறவையையே குறித்தது. பழந்தமிழின் ‘புள்’ என்ற சொல்லுக்கும் பறவை, நிமித்தம் என இரு பொருளுண்டு. வெவ்வேறு தேசத்தார் நாளைய செய்தியைப் பறவையிடமே கேட்டிருக்கின்றனர்!

ஜாஹிலிய்யாக் கால அரபியர் பயணம் புறப்படுமுன் பறவையையோ மானையோ விரட்டிப் பார்ப்பர். வலப்புறம் சென்றால் புறப்படுவர். இடப்புறம் சென்றால் வீடு திரும்புவர். முன்னதை ‘ஸானிஹ்’ என்றும் பின்னதை ‘பாரிஹ்’ என்றும் அழைத்தனர். ஆனால் நஜ்துவாசிகள் நன்மையெனக் கொண்டதை ஹிஜாஸ்வாசிகளில் சிலர் தீமையெனக் கொண்டதாக அரபு அகராதிகள் கூறுகின்றன. பாவம், அந்தப் பறவை எந்த ஊராரின் விதிப்படி பறப்பது?

அல்குர்ஆனில் இச்சொல் வரும் இடங்களைப் பாருங்கள். அங்கே பழி சுமப்பது பறவையன்று, மனிதர். பஞ்சம் வந்தபோது பிர்அவ்னின் கூட்டத்தார் மூஸா (அலை) அவர்களையே துர்ச்சகுனமாகக் கருதினர் (7:131). ஸமூது கூட்டத்தார் ஸாலிஹ் (அலை) அவர்களை அவ்வாறே கூறினர் (27:47). ஸூரா யாஸீனில் ஓர் ஊரார் தம்மிடம் வந்த தூதர்களை அப்படிப் பழித்தனர். அவர்களது துர்ச்சகுனம் அவர்களிடமே உள்ளதென அத்தூதர்கள் மறுமொழி கூறினர் (36:18,19).

பெற்றோரே! மருமகள் வந்த வேளை, மருமகன் கால் வைத்த நேரம், பிள்ளை பிறந்த ராசி என்று நம் வீடுகளில் பேசப்படுவதும் இதே ததய்யுர்தான். கடையில் நட்டம் வந்தால் கணக்கைப் பார்க்காமல் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கிறோம்.

தியரா என்பது இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். தம்மில் சகுனம் பார்ப்போர் உண்டு என முஆவியா இப்னுல் ஹகம் (ரழி) கூறியபோது, அது உள்ளத்தில் தோன்றும் ஓர் எண்ணமே, அது அவர்களைத் தடுத்துவிட வேண்டாம் என்றார்கள் (முஸ்லிம்). மனத்தில் தோன்றுவது வேறு. அதற்காகப் பயணத்தை நிறுத்துவது வேறு.

ஷவ்வால் மாதத்தில் திருமணம் செய்வதை அன்றைய அரபியர் தீமையெனக் கருதினர். ஆயிஷா (ரழி) அவர்களுக்கோ நபியவர்களுடன் திருமணம் நடந்ததும் இல்லறம் தொடங்கியதும் ஷவ்வாலிலேயே. தம்மைவிட நபியவர்களிடம் பேறு பெற்ற மனைவி யார் என அன்னையவர்கள் கேட்டார்கள். தம் குடும்பப் பெண்களையும் ஷவ்வாலிலேயே மணமுடித்து அனுப்ப விரும்பினார்கள்.