படகு இல்லாதவனின் கடல்

விழுப்புரம் ஜங்ஷனில் நின்றாலும் சரி, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் சரி, பக்கத்தில் கடல் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. மல்லாட்டை மூட்டை, கரும்பு லாரி, ஏரி, பனைமரம்... எல்லாமே உள்நாட்டு முகம். ஆனால் திண்டிவனத்திலிருந்து கிழக்கே ஒரு டவுன் பஸ் தூரத்தில் மரக்காணம். அங்கே இறங்கினால் உப்பளம். அதையும் தாண்டினால் அலை!

இந்த ஊர்க்காரர் ஒருவர் அறுபது வயதில் ரிட்டையர் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன வயதில் ஏரியில் விரால் பிடித்தவர். மாமா வீட்டுக்குப் போனபோது இரண்டொரு தடவை கடலிலும் தூண்டில் வீசியிருக்கிறார். அந்த ஞாபகத்தில் ஒரு தூண்டிலை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினால் வீட்டில் என்ன சொல்வார்கள்? ''வயசான காலத்துல உங்களுக்கு இது தேவையா?''

தேவைதானா என்று சரித்திரத்தைக் கேட்டுப் பார்ப்போம்.

சங்க காலத்தில் இந்த வட்டாரத்துக்குப் பெயர் ஓய்மாநாடு. நல்லியக்கோடன் என்ற குறுநில மன்னன் ஆண்டான். அவனைப் பாடியதுதான் சிறுபாணாற்றுப்படை. பரிசு தேடிப் போகும் பாணனுக்கு அந்தப் பாட்டு வழி சொல்கிறது. முதலில் கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினம்தான் இன்றைய மரக்காணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிடங்கில் இப்போது திண்டிவனம் நகருக்குள்ளேயே இருக்கிறது. நம்ம ரிட்டையர்டு மனிதர் ஏறப்போகும் பஸ், பாணன் நடந்த வழிக்கு எதிர்த்திசையில் போகிறது, அவ்வளவுதான்!

எயிற்பட்டினத்துக் கரையில் அலை கொண்டுவந்து ஒதுக்கிய வாசனை மரக்கட்டைகள், படுத்துத் தூங்கும் ஒட்டகம் போலக் கிடந்தனவாம். அதையே விறகாக்கி அடுப்பெரித்தார்கள். வந்த பாணனுக்குச் சுட்ட குழல்மீன் கிடைத்தது. கடற்கரை என்பது வெறுங்கையோடு வந்தவனுக்கும் சோறு போட்ட இடம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இந்தப் பாணர்கள் யாழ் மட்டும் வைத்திருக்கவில்லை. தூண்டிலும் வைத்திருந்தார்கள். புரவலன் கிடைத்தால் பாட்டு. கிடைக்காத நாளில் மீன்! அகநானூற்றின் 216ஆம் பாட்டில் ஒரு பாண்மகள் வருகிறாள். கயிறு கட்டிய மெல்லிய கோலால் ஆற்றங்கரையில் விரால் பிடிக்கிறாள். கள் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அதை விறகில் சுட்டு ஊட்டிவிடுகிறாள். பெரும்பாணாற்றுப்படையில் நீண்ட மூங்கில் தூண்டில், வளைந்த இரும்பு முள், இரை வைக்கும் தோல்பை என்று முழு செட்டும் வருகிறது. அங்கே ஒரு வாளை மீன் இரையைக் கடித்துவிட்டுத் தப்பிவிடுகிறது. அதற்குப் பிறகு தண்ணீரில் ஆடும் பிரம்பு நிழலைப் பார்த்தாலே அதற்கு நடுக்கம். கரையில் நிற்கிறவன் தன் நிழல் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் இரண்டாயிரம் வருடப் பழசு!

குறுந்தொகையில் ஒரு புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்றே பெயர். யானை வளைத்துவிட்ட மூங்கில், மீன் மாட்டிய தூண்டில் கோல் போல விருட்டென்று நிமிர்வதாகச் சொன்னார். சொந்தப் பெயர் தொலைந்துபோய் தூண்டிலே அவர் பெயராகிவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பரதவர்களிடம் திமில் இருந்தது, வலை இருந்தது, சுறாவைக் குத்தும் எறியுளி இருந்தது. தூண்டிலோ பாட்டுக்காரனிடமும் அவன் மகளிடமும் இருந்தது. ஒரு கோல், ஒரு கயிறு, ஒரு முள். இது படகில்லாதவனின் கருவி.

உலகம் முழுக்க இந்தக் கருவி பழசு. ஜப்பானின் ஒகினாவா தீவில் ஒரு குகையில் சிப்பியில் செய்த தூண்டில் முள் கிடைத்தது. வயது சுமார் 23,000 ஆண்டுகள். மொகஞ்சதாரோவில் செம்பு முட்கள் கிடைத்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் சீன ஓவியர் மா யுவான் வரைந்த படத்தில், கயிறு சுற்றும் உருளையோடு ஒருவர் தூண்டில் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். இன்று கடையில் நாம் 'ரீல்' என்று கேட்டு வாங்குவதன் தாத்தா அது!

சரி, வயசு விஷயத்துக்கு வருவோம். தூண்டில் பற்றி உலகிலேயே புகழ்பெற்ற ஆங்கிலப் புத்தகத்தை ஐசக் வால்டன் 1653ல் வெளியிட்டபோது அவருக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. அதன்பிறகும் பல வருஷம் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1683ல்தான் காலமானார்.

நம்ம சென்னை ராஜதானியிலேயே ஓர் உதாரணம் உண்டு. சர் பிரடெரிக் நிக்கல்சன். ஐ.சி.எஸ். அதிகாரி. வாழ்நாளெல்லாம் நிலவரி, விவசாயக் கடன், கூட்டுறவு என்றே பார்த்தவர். ஓய்வு பெறும் வயதில், 1905ல், கடல் மீன்பிடிப்பை ஆராயச் சொல்லி அவரிடம் வேலை வந்தது. அறுபதை நெருங்கிய வயது. 'இனிமேலா' என்று அவர் கேட்கவில்லை. ஜப்பான் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். 1907ல் சென்னை மாகாண மீன்வளப் பணியகம் அவரால் பிறந்தது. அவர் தூண்டில்காரர் அல்ல. ஆனால் கடலை முதுமையில் அரிச்சுவடியிலிருந்து படித்தவர்.

தூண்டில்காரர் வேண்டுமென்றால் ஹென்றி சல்லிவன் தாமஸ் இருக்கிறார். அதே சென்னை ராஜதானியின் சிவில் அதிகாரி. மங்களூரில் வேலை பார்த்தபோது 1873ல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். 1887ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றி இன்னொன்று. அதற்கெல்லாம் முன்பே, ஆற்று மீன்கள் அழிவதைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியவர். குஞ்சு மீனை அள்ளுவதும் தண்ணீரில் விஷம் கலப்பதும் நின்றால்தான் மீன் மிஞ்சும் என்றார். வெடி வைத்தும் விஷம் வைத்தும் மீன் பிடிப்பதைத் தடுக்கும் இந்திய மீன்வளச் சட்டம் 1897ல் வந்தது. கரையில் சும்மா நிற்கிறவன் என்று நினைக்கிறோம். நின்று பார்க்கிறவனுக்குத்தான் முதலில் தெரிகிறது, மீன் குறைகிறதென்று!

ஆனால் ஏரியில் பழகிய கையை நம்பிக் கடலில் இறங்கக் கூடாது. ஏரியில் தக்கை மிதக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம். அலையில் தக்கை எங்கே நிற்கும்? ஈயக்குண்டு கட்டி அடியில் போட வேண்டும். மீன் கடிப்பதைக் கண்ணால் அல்ல, விரலால் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ரீலையும் முள்ளையும் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

நம்ம கரையில் கடல் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். தூரமாக வீசினால்தான் மீன் என்பதும் இல்லை. கரைக்கும் மணல்திட்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தில்தான் கிழங்கான் மேயும். மணலுக்குள் இருக்கும் புழுவும் சின்ன இறாலும் அதன் சாப்பாடு. புதிதாக வந்தவருக்குக் கைகொடுக்கும் மீன் அது. கெளுத்தி மாட்டினால் மட்டும் உஷார். முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று விஷ முட்கள். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அலையே உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே இழுக்கும் இடம். அறுபது வயதுக் கால்கள் அங்கே இறங்கவே வேண்டாம். கழுவேலி பக்கமும் வேண்டாம். அது 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. கொக்குக்கும் நாரைக்கும் அங்கே முன்னுரிமை.

இதையெல்லாம் விடப் பெரிய பாடம், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் போய், ''ஐயா, இன்னைக்குத் தண்ணி எப்படிப் போவுது?'' என்று கேட்பது. நிக்கல்சனுக்கு வராத வெட்கம் நமக்கு எதற்கு?

வருகிற ஆள் இருக்கிறார், மீனும் இருக்கிறது. நிற்பதற்குக் கரை இருக்குமா என்பதுதான் இப்போதைய கேள்வி. நம் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் கட்டினார்கள். மணல் தெற்கிலேயே தேங்கியது. வடக்கே கரை பட்டினி கிடந்தது. புதுச்சேரி நகரத்துக் கடற்கரை போயிற்று. அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த ஊருக்கு நகர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்துப் பொம்மையார்பாளையம் வரை கடல் வீட்டு வாசலுக்கு வந்தது.

மணல் போனால் முதலில் போவது கிழங்கான். அடுத்தது கரைவலை இழுக்கும் இடம். படகும் எஞ்சினும் உள்ளவர் இன்னும் தூரம் போய்ப் பிடித்துக்கொள்ளலாம். பாணனுக்கும் பாண்மகளுக்கும், கட்டுமரம் ஏற முடியாமல் தளர்ந்துவிட்ட மீனவருக்கும், திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெரியவருக்கும் கடல் என்றால் அந்த நாலு அடி மணல்தான்.

தூண்டில் போடத் தேவையா என்று வீட்டில் கேட்டால், தேவை என்றே சொல்லுங்கள். மீன் கிடைக்காத நாளிலும், அந்த மணல் நேற்று எங்கே இருந்தது, இன்று எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.