மனநோயாளி மீது வன்முறைப் பழி விழுந்த வரலாறு: மதுரையை முன்வைத்து

காளவாசல் சிக்னலில் பரட்டைத் தலையும் அழுக்கு மூட்டையுமாக ஒருவர் தனக்குத் தானே பேசிக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே அரசரடியைத் தாண்டினால் மத்தியச் சிறை. வைகையைக் கடந்து கோரிப்பாளையம் பக்கம் போனால் அரசு இராசாசி மருத்துவமனை. ரோந்து வரும் போலீஸ்காரர் அவரை எங்கே அழைத்துப் போக வேண்டும்? 1858 முதல் இன்றுவரை சட்டம் இந்தக் கேள்விக்கு ஒரே விடையைச் சொன்னதில்லை. அந்த விடைகள் மாறிய கதைதான், மனநோயாளி என்றால் கத்தியோடு வருபவன் என்ற எண்ணம் நம் மண்ணில் வேர்விட்ட கதையும்.

அந்த எண்ணத்தைப் படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது வழக்கம். அது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம். சித்த மருத்துவ மரபில் அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களை 18 வகையாகப் பிரித்து, குறிகளையும் மருந்தையும் சொல்கிறது. கிராமங்களில் பேய், செய்வினை, சாமி குற்றம் என்று காரணம் தேடினார்கள். பாண்டி கோயிலுக்கும் குணசீலத்துக்கும் தர்காக்களுக்கும் அழைத்துப் போனார்கள். பயம் இருந்தது, அடித்துப் பேயோட்டும் கொடுமையும் இருந்தது. ஆனாலும் அங்கே கேட்கப்பட்ட கேள்வி ‘இவனுக்கு எப்போது தெளியும்?’ என்பதுதான். ‘இவன் யாரைக் கொல்வான்?’ என்ற கேள்வியை அரசின் வேலையாக்கியது காலனியச் சட்டம்.

சட்டம் போட்ட அடித்தளம்

சென்னையில் வேலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் 1794இல் தொடங்கிய காப்பகத்தில் இருந்து இந்த வரலாறு ஆரம்பிக்கிறது. 1858இன் 36ஆம் சட்டம் காப்பகங்களுக்கு விதி வகுத்தது. ஆளைப் பிடித்து வருவது போலீஸ் வேலை, உள்ளே அனுப்புவது மாஜிஸ்திரேட் வேலை என்று ஆயிற்று. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 84ஆம் பிரிவில், தான் செய்வது இன்னதென்று அறிய முடியாதபடி சித்தம் கலங்கியவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. இது மனிதாபிமானமான பிரிவுதான். ஆனால் கொலை வழக்கு நடக்கும் கோர்ட்டில்தான் மனநோய் என்ற பேச்சை ஊர் முதன்முதலாகக் காதில் வாங்கியது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் திறந்தபோது, மதுரைக்காரனுக்கு அது சுமார் 460 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. ஒருவனை அங்கே கொண்டுபோனால் அவன் திரும்பி வரமாட்டான் என்பதே ஊரின் எண்ணம். ‘கீழ்ப்பாக்கம் கேஸு’ என்ற ஏச்சு அந்தப் பயத்தின் மிச்சம்.

1912இன் இந்திய லூனசி சட்டத்தின் 13ஆம் பிரிவை ஊன்றிப் படிக்க வேண்டும். சித்தம் கலங்கி அலைந்து திரிபவர் என்று நம்பினால் ஸ்டேஷன் அதிகாரி அவரைக் கைது செய்யலாம். ஆபத்தானவர் என்று நம்பினால் கைது செய்தே ஆக வேண்டும். டாக்டரின் சோதனைக்கு முன்பே, நோய் இன்னதென்று தெரியும் முன்பே, ஆபத்தா இல்லையா என்பதைக் காக்கிச் சட்டை முடிவு செய்தது. மனநோயை ஊர் முதலில் பார்த்த இடம் போலீஸ் ஸ்டேஷனாக இருந்தால், அதைக் குற்றத்தின் உறவாகத்தானே ஊர் பார்க்கும்?

சிகிச்சைக்கு வசதி இருந்ததா என்றால், அதுவும் இல்லை. நாடு முழுக்க சுமார் 40,000 பேருக்கு ஒரு மனநல மருத்துவமனைப் படுக்கைதான் இருக்கிறது என்று 1946இல் ஜோசஃப் போர் (Bhore) தலைமையிலான சுகாதாரக் குழு கணக்குச் சொன்னது. எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைத்து வைப்பது சட்டவிரோதம், அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் ஷீலா பார்சே வழக்கில் தெளிவாகச் சொன்னது 1993இல்தான். சுதந்திரம் வந்து 46 ஆண்டுகள் கழித்து! அதுவரை ஜெயில் சுவருக்குள் ஒருவரை வைத்துப் பார்த்த சமூகம், அவர் ஏதோ செய்திருப்பார் என்று நம்பியதில் வியப்பில்லை.

ஏர்வாடி

சட்டம் ஊன்றிய விதை தென் மாவட்டங்களில் எப்படி முளைத்தது என்பதற்கு ஏர்வாடிதான் சாட்சி. இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள சுல்தான் செய்யது இபுராகிம் தர்காவுக்குச் சாதி மதம் பாராமல் தமிழகம் முழுவதிலிருந்தும் மனநோயாளிகளை அழைத்து வருவார்கள். கனவில் உத்தரவு கிடைக்கும்வரை மாதக்கணக்கில் தங்குவார்கள். உடன் தங்க முடியாத குடும்பங்கள் தர்காவைச் சுற்றி முளைத்த தனியார் விடுதிகளில் பணம் கட்டி விட்டுச் சென்றன. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகம் அப்படி ஒன்று. ஓலைக் கொட்டகை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அது தீப்பற்றியபோது உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கட்டு இல்லாதவர்கள் ஓடித் தப்பினார்கள். காலில் சங்கிலி பூட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் மாண்டார்கள்.

ஏன் சங்கிலி? ‘அவிழ்த்துவிட்டால் அடிப்பான், ஓடிவிடுவான்’ என்பதுதான் பதில். அந்த 28 பேரில் ஒவ்வொருவரும் யாரையாவது தாக்கியவரா என்று எந்த மருத்துவரும் பார்த்துச் சொன்னதில்லை. பைத்தியம் என்றாலே ஆபத்து என்ற பொதுத் தீர்ப்பே பூட்டுக்குப் போதுமானதாக இருந்தது. தனியார் காப்பகங்கள் உரிமம் பெற்றே நடக்க வேண்டும் என்ற 1987இன் மனநலச் சட்டம் 1993 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தும் ஏர்வாடிக் கொட்டகைகளை அது தொடவில்லை. தீக்குப் பிறகு ஒரே வாரத்தில் அரசு அந்தக் காப்பகங்களை மூடி, சுமார் 500 பேரை அரசுப் பராமரிப்புக்கு மாற்றியது. நீதிபதி ராமதாஸ் ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, பதிவு பெற்ற, பெறாத காப்பகங்களை மாவட்டவாரியாகக் கணக்கெடுக்கும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

கோயிலும் தர்காவும்தான் குற்றவாளிகள் என்று அன்று பலர் எழுதினார்கள். அது முழு உண்மை அல்ல. தென் தமிழகத்தில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 பேரை பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் பரிசோதித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். தனியாகப் பூசையோ மருந்தோ இல்லை. கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, குடும்பத்தோடு சுமார் ஆறு வாரம் இருப்பது, அவ்வளவுதான். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. மருந்துக்கு இது மாற்று அல்ல. ஆனால் பயப்படாமல் பக்கத்தில் இருக்கும் மனிதர்களால் எவ்வளவு முடியும் என்பதற்கு இது சான்று. பின்னாளில் ஏர்வாடியிலேயே துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் என்ற திட்டத்தில் அரசு டாக்டர்கள் தர்கா வாசலில் உட்கார்ந்தது இந்தப் பாடத்தின் பலன்.

திரையில் வந்த கொலைகாரன்

சட்டத்தையும் சங்கிலியையும் நேரில் பார்க்காதவர்களுக்கு அந்தப் பயத்தைக் கொண்டு சேர்த்தது சினிமா. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘மூடுபனி’ (1980) இரண்டும் சின்ன வயதுக் காயத்தால் மனம் பிறழ்ந்து பெண்களைக் கொல்லும் நாயகனைக் காட்டின. ஏர்வாடி எரிந்த மூன்றே மாதத்தில், 2001 நவம்பரில், காப்பகத்திலிருந்து தப்பிக் கொலை செய்யும் நந்துவோடு ‘ஆளவந்தான்’ வந்தது. 2005இல் ‘சந்திரமுகி’யும் ‘அந்நிய’னும். இவற்றில் சில கலையாகச் சிறந்தவை; அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு தலைமுறை மனநோயைப் பற்றிப் படித்த பாடப்புத்தகம் இவைதான்.

இதற்கு எதிர்த் திசையில் நிற்கிறது மதுரையைக் களமாகக் கொண்ட ‘காதல்’ (2004). அதில் மெக்கானிக் முருகன் யாரையும் அடிக்கவில்லை. சாதிக்காகப் பெண் வீட்டார் அவனை அடிக்கிறார்கள். அதற்குப் பிறகே அவன் சித்தம் கலங்கித் தெருவில் அலைகிறான். நான் அறிந்தவரை தமிழ்ப் படங்களில் காரணத்தையும் விளைவையும் இவ்வளவு நேராக வைத்துக் காட்டியது அதுதான்.

மதுரையின் ரத்தம் எங்கிருந்து வந்தது

மதுரையின் பொதுவாழ்வை உலுக்கிய கொலைகளை எடுத்துப் பார்ப்போம். 1997 ஏப்ரலில் வில்லாபுரத்தில் குடிநீருக்காகப் போராடிய மாமன்ற உறுப்பினர் லீலாவதி பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 30 அன்று மேலவளவில், தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியின் தலித் தலைவரோடு சேர்த்து ஆறு பேர் பஸ்ஸை மறித்து வெட்டப்பட்டார்கள். 2007 மே 9 அன்று ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காகத் தினகரன் நாளிதழ் அலுவலகம் எரிக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். தண்ணீர் வியாபாரம், சாதி ஆதிக்கம், கட்சி அதிகாரம். செய்தவர்கள் எல்லாரும் நிதானமாகத் திட்டமிட்டவர்கள். இவர்களைப் பார்த்து எந்தத் தெருவும் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

நாடு தழுவிய கணக்கும் இதையே சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் பதிவான 28,522 கொலை வழக்குகளில் 9,962 தகராறுகளால் நடந்தவை, 3,761 முன்விரோதத்தால், 1,884 ஆதாயத்துக்காக. வாய்க்கால் வரப்பு, பங்காளிச் சண்டை, கொடுக்கல் வாங்கல், இவற்றுக்கு நடுவே ஓடும் சாராயம். டாஸ்மாக் வாசலில் தள்ளாடுபவரைக் கண்டு சிரித்துவிட்டுப் போகிறோம். தனக்குத் தானே பேசுபவரைக் கண்டால் குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்கிறோம். பயம் தப்பான ஆளின் மேல் விழுந்திருக்கிறது.

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். மனச்சிதைவு போன்ற கடுமையான நோய்களில் வன்முறைக்கான வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. குறிப்பாக, சிகிச்சை தொடங்காத ஆரம்ப கட்டத்தில், பிறர் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்ற நம்பிக்கை முற்றும்போது, குடியோ போதையோ சேரும்போது. அடி பெரும்பாலும் விழுவது தெருவில் போகிறவர் மீதல்ல, கூடவே இருக்கும் தாய் மீதும் மனைவி மீதும். அந்தத் தாய்மாரின் பயத்தை யாரும் மட்டமாகப் பேசக்கூடாது. ஆனால் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஸ்வான்சன் கணக்கிட்டபடி, கடுமையான மனநோய்கள் அத்தனையும் ஒரே நாளில் குணமானாலும் சமூகத்தின் வன்முறை சுமார் 4 சதவீதமே குறையும். மக்ஆர்தர் ஆய்வு 1998இல் காட்டியது இன்னொன்று: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் போதைப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் அதே பகுதியில் போதைப் பழக்கம் இல்லாத அண்டை வீட்டாருக்கும் வன்முறையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2005இல் சிகாகோவில் லிண்டா டெப்ளின் குழு கண்டது மூன்றாவது: கடுமையான மனநோய் உள்ளவர்கள் வன்முறைக் குற்றத்துக்குப் பலியாவது பொதுமக்களைவிட 11 மடங்குக்கும் மேல்.

நம் ஊரில் அதற்குச் சான்று வேண்டுமா? 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் புரளி தமிழகமெங்கும் ஓடியபோது, பழவேற்காட்டில் ஒரு கும்பல் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. மனநலம் பாதிக்கப்பட்டு அலைந்தவர் என்று பின்னர் செய்திகள் கூறின. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாததே அவர் செய்த குற்றம்.

இன்றைய விடை

மதுரையில் மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, சென்னையில் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃப், மதுரைக்கும் இராமநாதபுரத்துக்கும் வந்த மாவட்ட மனநலத் திட்டம் இவையெல்லாம் சேர்ந்து, கீழ்ப்பாக்கம் போகாமலே சிகிச்சை பெறலாம் என்ற நிலையை உண்டாக்கின. ஆனால் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரும்பாலான மனநோய்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் சிகிச்சைக்கு வெளியேதான் இருக்கிறார்கள். டாக்டரிடம் போனால் ‘மெண்டல்’ என்ற பேர் வரும், பெண்ணுக்கு வரன் அமையாது என்ற அச்சமே பலரை வீட்டுக்குள் பூட்டி வைக்கிறது. சிகிச்சை தள்ளிப்போகும்போதுதான் அந்தச் சிறிய ஆபத்தும் வளர்கிறது. ஆக, களங்கம் ஆபத்திலிருந்து யாரையும் காப்பாற்றவில்லை, அதை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது.

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, நம் முதல் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்கிறது. அதன் 95ஆம் பிரிவு சங்கிலியைத் தடை செய்கிறது. 100ஆம் பிரிவின்படி, அலைந்து திரியும் மனநோயாளியைப் போலீஸ் பாதுகாப்பில்தான் எடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எக்காரணம் கொண்டும் வைக்கக்கூடாது. 30ஆம் பிரிவு, களங்கத்தைப் போக்கும் விழிப்புணர்வையும் போலீஸாருக்கான பயிற்சியையும் அரசின் கடமையாக்குகிறது.

செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கொலை நடந்த இரவே, டாக்டர் யாரும் பார்க்காத நிலையில், ‘மனநலம் பாதிக்கப்பட்டவர்’ என்று எழுதாதீர்கள். குடும்பங்களுக்கு இன்னொன்று: வீட்டில் யாருக்காவது தூக்கம் கெட்டு, சந்தேகம் முற்றி, பேச்சு மாறினால் நாள் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.