பெரியபுராணம்: தொண்டர் கதைகளும் அவை பற்றிய கருத்துகளும்

பெரியபுராணம் சைவ அடியார்கள் அறுபத்து மூவரின் வாழ்வைக் கூறும் காப்பியம். 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் இயற்றியது. அவர் தொண்டை நாட்டுக் குன்றத்தூரர் என்றாலும், அவர் பாடிய அடியார்களில் பலர் காவிரி நாட்டு ஊர்க்காரர்கள்.

நூலின் வித்து திருவாரூரில் விழுந்தது. சுந்தரர் அங்கே பாடிய திருத்தொண்டத்தொகை 11 பாடல்களில் அடியார்களின் பெயர்களை அடுக்குகிறது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் அவர்களின் செயல்களைச் சுருக்கமாகச் சேர்த்தார். சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் ஊர், குலம், தொழில், குணம் எல்லாம் கொடுத்து அவர்களை நடமாட வைத்தார்.

இவர்கள் சேக்கிழாரின் கற்பனையில் பிறந்தவர்கள் அல்லர். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றில் சுந்தரர் கயிலைக்குச் செல்லும் சோழர் கால ஓவியம் உள்ளது, 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டறிந்தார். ஆதித்தன் சூரியன் என்னும் கோயில் அதிகாரி தேவாரம் பாடிய மூவர், சிறுத்தொண்டரின் மகன் சீராளன், மெய்ப்பொருளார் முதலியோரின் செப்புத் திருமேனிகளை அளித்ததை அக்கோயில் கல்வெட்டு முழம், விரல் கணக்கோடு பதிந்திருக்கிறது. இவை முதலாம் இராசராசன் காலத்தவை, நூலுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவை. நூல் வந்தபின் இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரம் கோயிலில் அடியார் கதைகள் பெயர் பொறித்த சிறு சிற்பங்களாயின.

நெல் விளையும் மண்ணின் கதைகள் இவை. கணமங்கலத்து அரிவாட்டாயர் வறுமையில் கூலிக்கு அறுத்தவர். கூலியில் செந்நெல்லை இறைவனுக்கு வைத்து, கார்நெல்லைத் தாம் உண்டார். ஒருநாள் செந்நெல் அரிசி, கீரை, மாவடுவோடு வயலில் நடக்கையில் தளர்ந்து விழ, எல்லாம் நிலவெடிப்பில் சிந்தின. படைக்க முடியாத வேதனையில் தம் கழுத்தில் அரிவாளை வைத்தபோது, வெடிப்புக்குள் இறைவன் மாவடு கடிக்கும் ஓசை எழுந்தது. நாட்டியத்தான்குடிக் கோட்புலியாரின் கதை வேறு. இறைவனுக்கென நெற்கூடு கட்டிச் சேர்த்துவிட்டுப் போருக்குப் போனார். பஞ்சத்தில் சுற்றத்தார் அந்நெல்லை உண்டனர். திரும்பியதும் அனைவரையும் வெட்டினார், கைக்குழந்தையையும் விடவில்லை.

இத்தகைய கதைகளே நூலின் மீது மாறுபட்ட கருத்துகளை எழுப்பின. ஆறுமுக நாவலர் 1852இல் இதை உரைநடையாக்கி, பக்திக்கும் பாடத்துக்கும் உரிய நூலாகப் பரப்பினார். கம்பராமாயணத்தோடு இதையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா 1943இல் வாதிட்டார், ரா.பி. சேதுப்பிள்ளையும் சோமசுந்தர பாரதியாரும் எதிர்நின்றனர். மா. இராசமாணிக்கனார் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு, இதை வரலாற்றுச் சான்றாக ஆராய்ந்தார்.

கொளுத்தச் சொன்ன வாதம் நூலின் இலக்கிய வளத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. எல்லாம் அன்பே என்று பூசி மெழுகுவோர் கோட்புலியார் வீட்டுக் குழந்தையைக் கணக்கில் கொள்வதில்லை. அரிவாட்டாயரை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்புலியாரை மறைப்பது சேக்கிழாருக்குச் செய்யும் நியாயமாகாது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.