தாராவிச் சிறுவரும் கணினிக் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையினின்று வந்த தமிழர் குடியேறிய தாராவியில் முதற் பள்ளி 1924ஆம் ஆண்டில் தமிழ்ப் பள்ளியாகவே எழுந்தது என்பதும், மாதுங்காவில் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொஸைட்டி 1932இல் தோன்றிற்று என்பதும், பம்பாய்த் தமிழரின் கல்வி வரலாற்றை ஆராய்வோர் முதற்கண் குறிக்க வேண்டிய செய்திகள். அக்காலத்து வகுப்பறைச் சாதனங்கள் கரும்பலகையும் சிலேட்டுமே. கணினி இந்தியப் பள்ளிகளுக்குள் திட்டமிட்டுப் புகுந்தது, 1984இல் மத்திய சர்க்கார் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் மூலம், பிரிட்டனில் உருவான பி.பி.சி. மைக்ரோ என்னும் இயந்திரமாக. அத்திட்டத்தின் பிரதான நோக்கம் மாணாக்கருக்குக் கணினியை அறிமுகம் செய்வித்தலே.

அறிமுகம் கடந்து ஆக்கத்துக்குச் சென்ற கட்டத்தைக் காண விரும்புவோர் தாராவியின் நயா நகருக்கே வருதல் வேண்டும். அங்கே 2014ஆம் ஆண்டையொட்டி, திரைப்பட இயக்குநர் நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய ‘தாராவி டைரி’ என்னும் முயற்சியில், சிறுமியர் எம்.ஐ.டி.யின் ‘ஆப் இன்வென்டர்’ கருவியைக் கொண்டு, வண்ண வண்ணக் கட்டங்களாக உள்ள கட்டளைகளை ஒன்றோடொன்று பொருத்திச் செயலிகள் அமைத்தனர். அவற்றுள் ஒன்று பெண்களின் பாதுகாப்புக்கானது. மற்றொன்று, பொதுக் குழாயடியில் குடம் வைத்துக் காத்திருப்போருக்கு முறை வந்ததும் அறிவிப்பது. இரண்டாவதே என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. தண்ணீர் வரிசைக்குச் செயலி அமைக்கப் புகும் சிறுமி, யார் பெயர் முன்னே நிற்பது, ஒருவர் பெயரை மற்றொருவர் அழிக்க இடமுண்டா, கைபேசியே இல்லாத மூதாட்டிக்கு என்ன வழி, அண்டை வீட்டாரின் எண் யார் கண்ணில் படலாம் என்றெல்லாம் யோசித்தே ஆக வேண்டியவளாகிறாள். இணையப் பிரஜைக்குரிய பொறுப்பு என்று இன்று உபதேசிக்கப்படுவன யாவும் இக்கேள்விகளில் அடங்கியிருக்கின்றன. உபதேசத்தாலன்றித் தொழிலால் அவள் அவற்றை அறிகிறாள்.

மறு ஆண்டு, 2015இல், மும்பை மாநகராட்சி தன் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணாக்கருக்கு டேப் வழங்கியது. புத்தகப்பையின் பாரத்தைக் குறைக்கும் அந்நோக்கம் போற்றத் தக்கதே. ஆயினும் புத்தகத்தில் உள்ளது திரையில் வந்ததால் மட்டும் மாணாக்கன் கற்கும் முறை மாறிவிடாது என்பது என் துணிபு.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரல் முதல் தேதி தாராவியில் முதற் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஒற்றையறைக் குடித்தனத்தில், தகப்பனார் கையோடு வேலைக்குப் போகும் கைபேசியே வகுப்பறையுமாயிற்று. மூத்தவளுக்குக் கணக்குப் பாடம் நடக்கும் வேளையில் இளையவனுக்கும் பாடம் இருந்தால், யாரேனும் ஒருவர் விட்டுக்கொடுத்தே தீர வேண்டும். நகரத்தில் எட்டாம் வகுப்பும் அதற்கு மேற்பட்டவையும் 2021 அக்டோபர் 4 அன்று மீண்டும் திறக்கும்வரை இந்நிலை நீடித்தது.

அதன்பின் வந்த 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என விதிக்கின்றது. நல்ல விதியே, ஆனால் பெற்றோருக்கு வந்த குறுஞ்செய்தியையும் வங்கிச் செய்தியையும் படித்துச் சொல்பவர் பிள்ளைகளாகவே இருக்கும் வீடுகள் தாராவியிலும் செம்பூர்ச் சேரிகளிலும் உண்டு. அங்கே சம்மதம் கேட்கும் திரையைத் தாய்க்கு வாசித்துக் காட்டுவதும் அதே பிள்ளையே ஆதலால், பெற்றோரையும் மாலை வேளைகளில் பள்ளிக்கு அழைத்துப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் அமர்த்திக் கற்பிப்பதை மாநகராட்சியும் தமிழ்க் கல்வி ஸ்தாபனங்களும் மேற்கொள்ள வேண்டும்.